வராதவர்களின் கணக்கு

பதிவு மேசையில் இருந்த பெண், பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்டார். "எந்த ஊரும்மா?" வரிசையில் முதலாவதாக நின்ற பாட்டி ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, "இந்நேரத்துக்கு பஸ்ஸு கெடையாது, நடந்துதான் வந்தோம்" என்று சேர்த்துக்கொண்டார். ஊரின் பெயர் அட்டையில் ஏறியது. நடந்து வந்ததை எழுத அட்டையில் இடமில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் இலவசக் கண் முகாம். பந்தல், விளம்பரம், சாப்பாடு எல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியும் சேர்ந்திருந்தது. மருத்துவர்கள், கருவிகள், அறுவைக்குத் தேர்வாகிறவர்களை மதுரைக்கு அழைத்துப்போகும் பேருந்து, அங்கே சிகிச்சை, லென்ஸ், உணவு ஆகியவை மருத்துவமனையின் பொறுப்பு.

தானமாகவும் சமூக முதலீடாகவும் செலவாகும் பணம் என்ன செய்தது என்பதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்க வந்திருந்தேன். கண்புரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கல்விக்குக் கொடுத்த பணம் பலன் தர இருபது ஆண்டுகள் ஆகலாம். மது மீட்புக்குக் கொடுத்த பணம் பலித்ததா என்பதில் வீட்டுக்குள்ளேயே இருவேறு கருத்து இருக்கும். கண்புரையில் அந்தச் சிக்கல் இல்லை. நேற்று நீட்டிய விரல்களை எண்ண முடியாதவர் நாளை சுவரில் இருக்கும் அட்டையைப் படிக்கிறார். அளப்பதற்கு இதைவிட எளிமையான தர்மம் கிடையாது. இங்கேயே கணக்கு எங்கெங்கே வழுக்குகிறது என்று பார்த்துவிட்டால் மற்றவற்றைப் புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

வகுப்பறை வகுப்பறையாக வரிசை நகர்ந்தது. முதல் அறையில் ஆங்கில ஈ (E) எழுத்து அட்டை. எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கையால் காட்ட வேண்டும், படிப்பறிவு தேவையில்லை. அடுத்து மருத்துவர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பிறகு கண் அழுத்தம், கண்ணீர்ப் பாதை, இரத்த அழுத்தம், சர்க்கரை. கண்ணாடி மட்டும் போதும் என்றால் அங்கேயே சட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வில்லையைத் தேய்த்துப் பொருத்திக் கையில் தந்துவிடுகிறார்கள். பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கும்.

கடைசி அறையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அறுவை வேண்டும் என்று எழுதப்பட்டவர்களிடம் ஒரு சிஸ்டர் பேசுகிறார். எத்தனை நாள் தங்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும், காசு ஒன்றும் இல்லை என்றெல்லாம் சொல்கிறார். ஒருவர் தலையாட்டிவிட்டுப் பேருந்துப் பக்கம் போகிறார். இன்னொருவர், "மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று வெளியே போகிறார். திரும்பி வரவில்லை. சீட்டில் அவர் அறுவைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். பேருந்தில் அவர் இல்லை. நிறுவனத்தின் அறிக்கையிலோ அவரும் பயனடைந்தவர்தான். கண்ணைக் காட்டினார் அல்லவா?

அந்த அறிக்கைக்குத் தகவல் திரட்ட ஓர் இளைஞர் வந்திருந்தார். நல்ல பையன். முகாமில் தண்ணீர் கேன் தூக்கி வைத்ததும் அவர்தான். கையில் படிவம்: எத்தனை பேர் வந்தார்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, அறுவைக்கு எத்தனை, மொத்தச் செலவு, தலைக்கு எவ்வளவு. "இது போதுமா?" என்று கேட்டேன். "ஆடிட்டுக்குப் போதும் சார்" என்றார். உண்மையைச் சொன்னார்.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பணம் என்ன ஆயிற்று என்று கேட்கும் விதி 2021 ஜனவரியில்தான் வந்தது. சராசரியாக ஆண்டுக்கு 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சமூகப் பொறுப்புக் கடமை உள்ள நிறுவனங்கள், 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள திட்டங்களை, முடிந்து ஓராண்டாவது ஆனபின், வெளியாள் ஒருவரைக் கொண்டு மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டுக்கு ஆகும் செலவையும் சமூகப் பொறுப்புச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளலாம். 2022இல் செய்த திருத்தப்படி மொத்தச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதுவரை. நல்ல விதிதான். ஆனால் அந்த 50 லட்சத்தில் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. கேள்வியைக் கேட்பவரே தேர்ந்தெடுக்கிறார். பதில் எளிதாகக் கிடைக்கும் கேள்வியைத்தான் யாரும் தேர்ந்தெடுப்பார்கள்.

பேருந்து கிளம்பியபோது நானும் ஏறிக்கொண்டேன். எல்லோர் கையிலும் ஒரு மஞ்சள்பை, மாற்றுத்துணி, பலருக்கு வெற்றிலைப் பொட்டலம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா, "ரெண்டு வருசமா இந்தக் கண்ணு புகை மூட்டமா இருக்கு தம்பி. போன முகாமுக்கே வந்திருக்கணும். களை எடுப்பு வந்திருச்சு" என்றார். இரண்டு வருடம். அந்த இரண்டு வருட இருட்டும் எந்தக் கணக்கிலும் வராது. அவர் வந்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும்.

மதுரை அண்ணா நகரில் இன்று நிற்கும் பெரிய கட்டடங்களின் தொடக்கம் 1976இல் ஒரு வீட்டில் போட்ட 11 படுக்கைகள். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, உடன்பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது. இன்று அரவிந்த் அமைப்பு ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை, லேசர் சிகிச்சைகளைச் செய்கிறது. கட்டணம் கொடுப்பவர்களிடம் வருவதைக் கொண்டு, இலவசமாகவும் மிகக் குறைந்த கட்டணத்திலும் மற்றவர்களுக்குச் செய்வது அதன் வழி. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இலேயே இதைப் பாடமாக்கிவிட்டது. ஆகவே எண்ணிக்கையைப் பற்றி உலகம் போதுமான அளவு பேசிவிட்டது. எண்ணிக்கைக்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

இலவசப் பிரிவில் தரையில் பாய் விரித்துப் படுக்கை. ஒரே முகாமில் வந்தவர்களை ஒரே கூடத்தில் தங்க வைக்கிறார்கள். ஊர்ப்பேச்சு தொடர்கிறது, பயம் பாதி அதிலேயே கரைகிறது. அறுவை அரங்கில் மருத்துவர் ஒரு மேசையில் முடித்துவிட்டு அடுத்த மேசைக்குத் திரும்புகிறார்; அதற்குள் அங்கே அடுத்தவர் தயாராகியிருக்கிறார். மறுநாள் காலை கட்டு பிரிக்கும் நேரத்தில் கூடத்தில் இருந்தேன். முகங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது சிஸ்டரின் கையிலிருந்த தாளை. ஒவ்வொருவரையும் அட்டை முன் நிறுத்தி, எந்த வரி வரை தெரிகிறது என்று எழுதுகிறார். முகாமில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண். இங்கேதான் உண்மையான அளவீடு தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நல்ல கண் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை, அறுவை முடிந்தவர்களில் 100க்கு 80 பேராவது தம் கையில் இருக்கும் கண்ணாடியோடோ கண்ணாடி இல்லாமலோ 6 மீட்டரில் படிக்க வேண்டும். சரியான கண்ணாடி போட்டால் 90 பேராவது. மிக மோசமாகத் தெரிபவர்கள் 5 பேரைத் தாண்டக் கூடாது. செய்த அறுவைகளை எண்ணுவது வேறு, இப்படிப் பார்வையை எண்ணுவது வேறு. முதலாவதை எந்த முகாமும் காட்டும். இரண்டாவதைக் கேட்டால் பல இடங்களில் பேச்சு நின்றுவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பார்வை முழுதாகத் தேறச் சில வாரங்கள் ஆகும். ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அரவிந்த் அதற்காக முகாம் நடந்த ஊருக்கே ஆளனுப்புகிறது. உலகின் பல மருத்துவமனைகளில் அந்த வசதி இல்லை. நோயாளி திரும்பி வருவதில்லை. நன்றாகத் தெரிவதால் வராதவர் உண்டு. எதுவும் தெரியாமல் வெறுத்துப்போய் வராதவரும் உண்டு. வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் பக்கம் தவறுகிறோம் என்று தெரியாது. இதை 10 நாடுகளில் 40 மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். திரும்பி வராதவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். அறுவை முடிந்த முதல் சில நாட்களில் எடுத்த பார்வை அளவே ஒரு மருத்துவமனையின் தரத்தை நம்பகமாகக் காட்டிவிடுகிறது என்று தெரிந்தது. திரும்ப வராதவர்களுக்காகக் காத்திருந்து கணக்கைக் கைவிட வேண்டியதில்லை. ஊருக்கு அனுப்பும் முன்பே அளந்துவிடலாம். வராதவர்களைத் தேடிப்போனதால்தான் இது தெரியவந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அளந்ததைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் தொற்று அபூர்வமானது. வந்தால் கண்ணே போய்விடலாம். அறுவையின் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸாசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தினால் அது குறையுமா என்று அரவிந்த் மருத்துவர்கள் பார்த்தார்கள். 6 லட்சத்துக்கும் அதிகமான அறுவைகளின் பதிவேடு 2017இல் வெளியானது. மருந்து செலுத்தாதபோது 10,000 கண்களில் 7க்கு வந்த தொற்று, செலுத்தியபோது 2 ஆகியிருந்தது. இவ்வளவு அபூர்வமான ஒன்றில் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு கண்ணையும், இலவசக் கண்ணையும், விடாமல் பதிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை எந்தக் கொடையாளரும் கேட்டிருக்க மாட்டார். தங்கள் வேலையைத் திருத்திக்கொள்வதற்காக எழுதி வைத்த கணக்கு அது.

இலவசம் என்றால் இளக்காரமா என்ற ஐயம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. 2012இல் அதே மருத்துவமனை 79,777 அறுவைகளின் சிக்கல்களைத் தொகுத்து வெளியிட்டது. பெரும்பாலும் கட்டணம் கட்டுவோர் செய்துகொள்ளும் கருவி முறையில் 1.11 சதவீதம்; இலவசப் பிரிவில் பெரும்பாலும் செய்யப்படும் தையலில்லாத சிறுகீறல் முறையில் 1.01 சதவீதம். தரத்தைப் பற்றி ஒரு தர்ம ஸ்தாபனம் என்னிடம் ஆயிரம் சொல்லலாம். இந்த இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துக்காட்டும் ஸ்தாபனத்தை நான் நம்புவேன்.

இதுவரை எல்லாம் கண்ணின் கணக்கு. சமூக முதலீடு செய்கிறவர்கள் இதோடு நிற்பதில்லை. போட்ட ஒரு ரூபாய்க்குச் சமூகத்துக்கு எத்தனை ரூபாய் திரும்பியது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியும் புதிதல்ல. 1983இல் ஜாவிட், வெங்கடசாமி, சோமர் மூவரும் வெளியிட்ட ஆய்வு பார்வை திரும்பியவர்களின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தது. பார்வை போனதால் வேலையை இழந்த ஆண்களில் 85 சதவீதம் பேரும் பெண்களில் 58 சதவீதம் பேரும் மீண்டும் வேலைக்குப் போனார்கள். முதல் ஆண்டில் மட்டும் அவர்கள் ஈட்டிய கூடுதல் உழைப்பின் மதிப்பு, அறுவைச் செலவைப்போல் 15 மடங்கு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் முதலிலேயே கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் அதிகம். 2018இல் வந்த இந்த முடிவில் நான் மதிப்பது ஒப்பீட்டுக் குழுவைத்தான். அந்தக் காலத்தில் கண்ணாடி போடாதவர்களும் முன்னைவிட அதிகம் பறித்தார்கள். அவர்களைப் பார்க்காமல் இருந்திருந்தால் பருவம் கொடுத்ததையும் கண்ணாடியின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

ஆனால் ரூபாய்க் கணக்கு ஒன்றையே பிடித்துக்கொண்டால் அநியாயத்தில் கொண்டுபோய் விடும். அந்தக் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் பலர் வேலைக்குப் போகும் வயதைத் தாண்டியவர்கள். முள் எடுக்காமல் மீன் தின்ன முடியாதது, இரவில் கொல்லைப்பக்கம் போக ஆளைக் கூப்பிடுவது, சாமி கும்பிடப் போனால் படியில் தடுமாறுவது என்று அவர்கள் பேசிக்கொண்ட எதற்கும் கூலி கிடையாது. 1983இன் ஆய்விலேயே ஒரு குறிப்பு இருக்கிறது: தாங்கள் வேலைக்குத் திரும்பாதவர்களில் சிலர் வீட்டு வேலையை ஏற்றுக்கொண்டதால் வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போக முடிந்தது. பேரன் பேத்தியைப் பாட்டி பார்த்துக்கொள்வதால் மருமகள் சம்பாதிக்கிறாள். யார் கணக்கில் எழுதுவது? பார்வை இழந்தவர்களில் உலகெங்கும் பெண்களே அதிகம்; அறுவை அவர்களுக்குக் கிடைப்பது குறைவு. வருமானம் ஒன்றையே அளவுகோலாக வைத்து யாருக்கு முதலில் என்று தீர்மானித்தால், ஏற்கெனவே கடைசியில் நிற்கும் பெண்ணை இன்னும் பின்னால் தள்ளுவோம். இந்த ஒரு விஷயத்தில் முதலீட்டாளர்களோடு நான் உடன்படவே மாட்டேன்.

எண்ணிக்கையே தப்பாகக் காட்டும் இடமும் உண்டு. அரவிந்தின் துணை அமைப்பான ஆரோலேப் 1992இல் தொடங்கப்பட்டது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது; ஒன்று ஏறத்தாழ 100 டாலர். ஏழைகளுக்கு லென்ஸ் வைக்காமல், சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிவந்த காலம். சேவா அறக்கட்டளை போன்றவற்றின் உதவியோடு மதுரையிலேயே லென்ஸ் செய்து 10 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அதற்கும் கீழே. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு மதிப்பீட்டாளர் போய், உங்கள் பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் அந்தக் கொடைக்குப் பூஜ்யம் போட்டிருப்பார். விலையை உடைப்பதற்குக் கொடுத்த பணத்தைத் தலை எண்ணி அளக்க முடியாது.

முடிவுக்கு மட்டும் பணம் என்ற புதிய ஏற்பாடும் கண்ணுக்கே வந்துவிட்டது. கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் அரவிந்தை முன்மாதிரியாகக் கொண்ட கண் மருத்துவமனைக்கு 2018இல் 20 லட்சம் டாலர் கடன் ஏற்பாடானது. எத்தனை அறுவை, என்ன தரம், மருத்துவமனை தன் காலில் நிற்கிறதா என்று இலக்குகள் வகுத்து, எட்டினால் பணம் தருவதாக ஹில்டன் அறக்கட்டளை, ஃப்ரெட் ஹாலோஸ் அறக்கட்டளை, சைட்சேவர்ஸ் ஆகியவை முன்வந்தன. தரத்தையும் பணத்தோடு கட்டியது நல்ல விஷயம். இல்லையென்றால் எண்ணிக்கைக்கு ஓடுவார்கள்.

மதுரையில் பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. கணக்கின் மறுபாதி அங்கே இல்லை. முகாம் நடந்த பள்ளிக்கு எட்டும் தொலைவில் இருந்த ஒரு கிராமத்துக்குத் திரும்பிப் போனேன். கூட ஒரு களப்பணியாளர். முகாமில் அறுவை சொல்லியும் போகாதவர்களையும், முகாமுக்கே வராதவர்களையும் பார்க்கும் வேலை அவருக்கு. முதல் வீட்டுத் திண்ணையில் ஓர் அப்பத்தா. ஒரு கண்ணில் புரை பால்போல் வெளுத்துக் கிடந்தது.

"ஏன் அப்பத்தா முகாமுக்கு வரல?"

"இன்னொரு கண்ணு தெரியுதேப்பா. ஆடு ரெண்டு கெடக்கு. நாலு நாளு நான் போய்ப் படுத்துக்கிட்டா அதுகள யாரு பாக்குறது?"

"பணம் ஒன்னும் கெடையாதுன்னு சொன்னாகள்ல?"

"சொன்னாக. சும்மா எதுக்குப்பா செய்வாக?"

இலவசம் என்ற சொல் அவருக்குச் சந்தேகத்தைத்தான் கொடுத்திருந்தது. பயமும் இருந்திருக்கும், ஆட்டைச் சொல்லுமளவுக்குப் பயத்தைச் சொல்ல மாட்டார்கள்.

1990களில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இப்படி வீடு வீடாகப் போய்க் கேட்டு, 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. அரவிந்தைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். கண் குறை உள்ள பெரியவர்களில், பக்கத்தில் முகாம் நடந்தும், அதற்கு வந்தவர்கள் 100க்கு 7 பேர் மட்டுமே. அந்த எண்ணை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. முகாம் என்றாலே கூட்டம் நிரம்பி வழிவதைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா? கூட்டம் உண்மை, அது 7 பேரின் கூட்டம். மீதி 93 பேர் வீட்டில் இருந்தார்கள். முகாமுக்குள் நின்று எவ்வளவு கவனமாக எண்ணினாலும் அவர்கள் தெரியமாட்டார்கள். வந்தவர்களை எண்ணுவது மேலே இருக்கும் எண். வந்திருக்க வேண்டியவர்கள் வகுக்கும் எண். வகுக்கும் எண் இல்லாத அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் பெருமைப்பட்டிருக்கிறோம்.

அரவிந்தை நான் மதிப்பதற்கு முதல் காரணம் அந்த 7ஐ மறைக்காமல் விட்டதுதான். அது அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற வேலையின் மீதே விழுந்த அடி. முகாம்களை இரட்டிப்பாக்கினாலும் 14தான். அதனால் முகாமோடு நில்லாமல், 2004 வாக்கில் தேனி மாவட்டத்தில் தொடங்கி, சிறு ஊர்களில் நிரந்தரமான பார்வை மையங்களைத் திறந்தார்கள். அப்படி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு அறை. பயிற்சி பெற்ற பெண் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுக்கிறார். மதுரையிலோ தேனியிலோ இருக்கும் மருத்துவர் திரையில் வந்து நோயாளியிடம் பேசுகிறார். சந்தைக்கு வந்தவர், ரேஷன் கடைக்கு வந்தவர், பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தவர் என்று ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஆட்டை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தொலைதூர வைஃபை இணைப்பு அமைத்துக் கொடுத்தார்கள். இன்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள். முகாம் ஊருக்கு ஒருநாள் வந்து போகிறது; மையம் அங்கேயே இருக்கிறது.

திண்ணை அப்பத்தாவின் விஷயத்துக்கு வருகிறேன். களப்பணியாளர் அவரிடம் அதிகம் வாதாடவில்லை. தெருக்கோடியிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார். போன வருடம் அறுவை செய்துகொண்டவர். அவர் வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, "என்ன மதினி, கண்ணு ரெண்டும் போன பெறகு ஆடா மேய்ப்ப? நான் போய்ட்டு வந்தேன்ல. சோறு போட்டாக, கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டாக. ஒத்தப் பைசா கேக்கல" என்றார். அப்பத்தா முதல்முறையாகக் கேள்வி கேட்டார்: ஊசி வலிக்குமா, எத்தனை நாள் தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, ஆட்டை யார் பார்ப்பது. மூன்றாவதற்கு அவரே பதில் சொன்னார்: "எம் பேரன் பாப்பான்."

இதுவும் ஆராய்ந்து தெரிந்துகொண்ட வழிதான். 1991இல் வெளியான ஆய்வு ஒன்று, தென்னிந்தியக் கிராமங்களில் எட்டு விதமான அணுகுமுறைகளைத் தனித்தனி ஊர்களில் செய்து பார்த்தது. சுவரொட்டி, ஒலிபெருக்கி போன்றவற்றைவிட, அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியது நன்றாகப் பலித்தது. அறுவை மட்டும் இலவசம் என்பதைவிடச் சாப்பாடும் போக்குவரத்தும் சேர்ந்து இலவசம் என்றபோது அதிகம் பேர் வந்தார்கள். இன்று முகாமிலிருந்து பேருந்து கிளம்புகிறதென்றால் அதற்குப் பின்னால் இப்படி எண்ணிப் பார்த்த வேலை இருக்கிறது.

உலக அளவிலும் இப்போது வகுக்கும் எண்ணுக்கு வந்துவிட்டார்கள். கண்புரை அறுவை தேவைப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது நடந்து, அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நன்றாகத் தெரிகிறது என்று ஒரே எண்ணில் கேட்கிறார்கள். ஒரு வட்டாரத்தில் 100 பேருக்குத் தேவை, 60 பேருக்கு நடந்தது, 45 பேருக்கு நன்றாகத் தெரிகிறது என்றால் மதிப்பெண் 45. செய்த 60 அல்ல. 2030க்குள் இந்த எண்ணை 30 சதவீதப் புள்ளிகள் உயர்த்துவது என்று உலக சுகாதாரப் பேரவை 2021இல் இலக்கு வைத்தது. வராதவரும், வந்தும் பலன் கிடைக்காதவரும் சேர்ந்தே இதில் எண்ணப்படுகிறார்கள்.

முகாமில் பார்த்த இளைஞரைப் பிறகு அவர் அலுவலகத்தில் சந்தித்தேன். திண்ணையில் நடந்ததைச் சொன்னேன். "சார், இதுக்கு எங்க படிவத்துல காலம் இல்ல. ஆனா மேல கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லுங்க, கேக்குறேன்" என்றார். நான் அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் விரைவாக எடுக்கும் கண் கணக்கெடுப்பு முறை ஒன்று பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. மாவட்டத்தின் ஊர்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொன்றிலும் சில பத்துப் பேர் வீதம், மொத்தம் சில ஆயிரம் பேரை அவரவர் வீட்டு வாசலிலேயே ஈ அட்டையும் டார்ச்சும் கொண்டு பார்ப்பார்கள். சில வாரங்களில் முடிந்துவிடும். எத்தனை பேருக்குப் பார்வை போயிருக்கிறது, எத்தனை பேர் அறுவை செய்துகொண்டார்கள், அவர்களுக்கு இப்போது எப்படித் தெரிகிறது, மற்றவர்கள் ஏன் போகவில்லை என்று எல்லாம் வந்துவிடும். இந்தியாவின் தேசியக் கணக்கெடுப்பும் 2015 முதல் 2019 வரை இந்த முறையில்தான் நடந்தது. 50 வயதைக் கடந்தவர்களில் பார்வை இழந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம் கண்புரையே என்று சொன்னதும் அதுதான்.

ஒரு மாவட்டத்தில் கண்ணுக்குப் பணம் கொடுக்கும் நிறுவனங்கள் தனித்தனியே வழவழ தாளில் அறிக்கை போடுவதற்குப் பதில், மதிப்பீட்டுக்கு ஒதுக்கியதைச் சேர்த்துப் போட்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்த மாவட்டத்துக்கு இந்தக் கணக்கெடுப்பை எடுக்கட்டும். எடுப்பவர்கள் முகாம் நடத்தும் மருத்துவமனையாகவோ பணம் கொடுத்த நிறுவனமாகவோ இருக்கக் கூடாது. ஆண், பெண், கிராமம், நகரம், தலித் குடியிருப்பு, மலைக் கிராமம் என்று பிரித்துக் காட்ட வேண்டும்; மாவட்டச் சராசரிக்குள் ஓர் ஊரே ஒளிந்துகொள்ளும். முடிவு எந்த நிறுவனத்துக்கும் தனிப் பெருமை தராது. அது ஒரு தடையாகத்தான் இருக்கும். எப்படி வந்தாலும் அதைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். அடுத்த ஆண்டு முகாம் எந்த ஊரில், பார்வை மையம் எந்த ஊரில் என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யட்டும்.